மூன்று மீட்டர்

கதவு நிலையில் ஓர் ஆணி,
சன்னல் சட்டத்தில் ஓர் ஆணி,
இடையே மூன்று மீட்டர். அளவுநாடா சாட்சி.
வெள்ளை நைலானை இழுத்து
ஆணிக்கு ஆணி ஒரு முடிச்சு.
வானொலி கேட்டபடி போடலாம்,
பேசியபடி போடக் கூடாது.
எண்ணிக்கை தப்பினால் குகையே தப்பிவிடும்.

அனஸ்தாசியோ ஆணி அடித்ததில்லை.
இரண்டு கைகளையும் விரித்து
மார்புக்குக் குறுக்கே ஒன்றரை மீட்டர் என்பான்.
இரண்டு விரிப்புக்கு ஒரு முடிச்சு.
மதிய உணவுக்குப் பின் கை இன்னும் குறுகும்.
என்னிடம் முதன்முதலில் நூல் விட்டுப் பார்த்ததும்
இப்படித்தான், சாணை முழமாக்கி.

அவன் இழுத்த நூல்
தொன் பிரிமித்திவோவின் காட்டில்
வேர்கள் தொங்கும் செனோத்தேயின் அடியில்
பதினொரு ஆண்டாகக் கிடக்கிறது.
வரைபடத்தில் அதற்கு அவன் பெயர்: ஊக் கிளை.
நூற்றிருபது முடிச்சு. முந்நூற்று அறுபது மீட்டர்.

பழையதை எடுத்துப் புதியது போடும் வேலை
எனக்கு வந்தது.
கூலி தருபவர்களுக்குத் தெரியாது
அது யார் கை முடிச்சென்று.
ரெனானுக்குத் தெரியும்.
முகக்கண்ணாடிக்குள் எச்சில் துப்பி
வெகுநேரம் துடைத்துக்கொண்டிருந்தான்.

பச்சை வெளிச்சம் முடிவதற்குள்
பாறை மூக்கில் முதல் கட்டு.
சற்றுத் தள்ளி இரண்டாவது,
முதலாவதை நம்பாதவள் போல.
ராட்டை மூன்றும் தீர்ந்த பின்
சிறிய நூற்கண்டு.
நடுத்துளையின் இந்தப் பக்கம் கட்டைவிரல்,
அந்தப் பக்கம் நடுவிரல்.
அது சுழலலாம், தானாகச் சுழலக் கூடாது.
தொய்ந்தால் நூல் உன் துடுப்பைத் தேடி வரும்.
இறுகினால் சுண்ணாம்புக் கூர்மை அறுத்துவிடும்.

முந்நூற்று அறுபதுக்குத் தயாராகப் போயிருந்தேன்.
கிளை முடிந்த சுவரில் கை வைத்தபோது
இரண்டாவது கண்டு இடுப்பில் தொடப்படாமல் தொங்கியது,
கையிலிருந்ததிலும் மூன்று முடிச்சு மிச்சம்.
பலகையில் கணக்குப் போட்டேன்.
முந்நூற்று முப்பத்தாறு.
பதினொரு ஆண்டாகக் கயிறு திரித்திருக்கிறான்,
அதைச் சர்வே என்று அச்சடித்திருக்கிறார்கள்.

தண்ணீருக்குள் சிரிக்கக் கூடாது.
கட்டைவிரல் தளர்ந்தது.
கண்டு நழுவி, சுழன்று,
நூலைக் கக்கியபடியே கீழே போனது.
எட்டிப் பிடித்தேன், முட்டி தரையில் பட்டது.
அவ்வளவுதான்.
சேறு எழும்பி
உலகமே ஒரு கோப்பை ஆத்தோலே.
விளக்கை முகத்துக்கு நேரே பிடித்தாலும்
வெறும் வெளுப்பு.

இடது கை சுவரைத் தடவியது.
ஒரு நூல் கிடைத்தது.
என் நூலா? இது தொய்யவில்லை.
விரல் வளையத்துக்குள் மெல்ல ஓடவிட்டேன்.
முடிச்சு வந்தது. இரட்டை முடிச்சு,
கத்தரிக்காமல் விட்ட எலிவாலோடு.
யாருடையதென்று விரலுக்குத் தெரிந்தது.
ரெனானின் கை என் புஜத்தைப் பற்றியது.
ஒரு அமுக்கு: போகலாம்.

ஒன்று. இரண்டு. ஏழு. பத்தொன்பது.
மூச்சை எண்ணவில்லை, எலிவால்களை எண்ணினேன்.
நாற்பத்தோராவதில்
ரெனானின் விளக்கு மஞ்சளாய்த் தெரிந்தது.
தூரத்தில் பொய் சொன்னவன்
வாசல் இருக்கும் பக்கத்தில் சொல்லவில்லை.

அன்றைக்குப் பழைய நூலை எடுக்கவில்லை.

மறுவாரம் போய்
சிக்கிய என் கண்டை மீட்டேன்,
அவனுடையதையும் சுற்றி எடுத்தேன்.
துலூம் சாலையோரம் அவனுடைய டயர் கடை.
டியூபைத் தொட்டித் தண்ணீரில் அமுக்கிக்
குமிழி தேடிக்கொண்டிருந்தான்.
எவ்வளவு குறைந்தது என்றான்,
நான் வாய் திறக்கும் முன்பே.
இருபத்துநாலு.
குமிழி வந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டு
"நைலான் தண்ணீரில் சுருங்கும்" என்றான்.
அது பாதி உண்மை.

பழைய நூல் அவனுக்கு வேண்டாமாம்.
புதியதில் துண்டு இருந்தால் கொடு,
தார்ப்பாய் கட்ட வேண்டும் என்றான்.
அந்த மிச்சத்தைக் கொடுத்தேன்.
மூன்று முடிச்சு. ஒன்பது மீட்டர்.
ஈரக் கையைக் கால்சட்டையில் துடைத்துவிட்டு
இரு கைகளையும் விரித்து அளந்தான்:
ஒன்பதே முக்கால்.