ஏற்கெனவே யார் யார் இருக்காவ

மேலப்பாளையத்தில் வெல்டிங் பட்டறைக்கும்
பரோட்டாக் கடைக்கும் நடுவே
செய்யது மசூதின் கடை.
‘குழம்பு மீன் கிடையாது’ என்று
போர்டிலேயே எழுதியிருக்கிறான்.

அவன் காசு வாங்குமுன் கேள்வி கேட்பான்:
தொட்டி எத்தனை லிட்டர்?
ஆத்துத் தண்ணியா, போர் தண்ணியா?
ஏற்கெனவே யார் யார் இருக்காவ?

அவனுக்கு முன்னால் வண்ணார்பேட்டையில் ஒரு கடை.
அங்கே நிறம் பார்த்து வாங்கினேன்:
ஏஞ்சல் ஒன்று, டைகர் பார்ப் இரண்டு,
சேலை முந்தி மாதிரி வாலோடு மூன்று கப்பி.
கடைக்காரர் கேட்டதெல்லாம்
கவர் ஒன்று போதுமா என்றுதான்.

நாலாம் நாள் ஏஞ்சலின் நீளத் தூவி
இரண்டும் பாதியாக இருந்தன.
ஆறாம் நாள் கப்பியைக் காணோம்.
செடிக்குள் தேடினேன். ஃபில்டருக்குள் தேடினேன்.
கட்டிலுக்கு அடியில் டார்ச் அடித்துத் தேடினேன்.
ஏஞ்சலின் வயிற்றைப் பார்த்த பிறகு
தேடவில்லை.

மசூது சிரிக்காமல் கேட்டான் முழுக்கதையும்.
“வாயில நுழையிற எதுவும் கூட்டாளி கிடையாதுக்கா.
ரெண்டு பார்ப் ரவுடி, எட்டு பார்ப்புன்னா குடும்பம்.
தங்களுக்குள்ளயே அடிச்சிக்கிட்டுக் கிடக்கும்,
அடுத்தவ வாலுக்கு வராது.
ஃபைட்டர ஒத்தைல விட்டுருங்க,
பாவம்னு துணை தேடப் போவாதீங்க.
தங்கமீனு அழகுதான்,
பாளையங்கோட்டை சித்திரைக்கு அது சரிப்படாது.”

பார்ப் இரண்டையும் அவனே எடுத்துக்கொண்டான்.
ஏஞ்சல் தனியாக
மூன்றடித் தொட்டியில்
முனை நறுக்கிய தூவியோடு.

வைகாசியில் நான் வீடு மாற வேண்டியதாயிற்று.

மின்வாரியத்தில் மீட்டர் கணக்கெடுப்பவள் நான்.
எந்த வீடு பூட்டிக் கிடக்கிறதென்று
தரகர்களுக்கு முன்னால் எனக்குத் தெரியும்.
பெருமாள்புரத்தில் சங்கரலிங்கம் சார் மாடி
ஏழு மாதமாய்ப் பூஜ்யம் யூனிட்.

“உங்களுக்கு எந்தப் பக்கம்மா?”
திருச்செந்தூர் ரோட்டுப் பக்கம் சார்.
“ஊரு தெரியுது. ஊருல உங்க தெரு பேரு?”
சொன்னேன்.
“கறி மீனெல்லாம் சமைப்பீங்களோ?”
மீன் வளர்ப்பேன் சார், என்றேன்.
அவர் கடிகாரத்தைப் பார்த்தார்.
மகன் சென்னையிலிருந்து வரப்போகிறானாம்,
மாடி அவனுக்குத்தானாம்.

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை
அவர் வீட்டு மீட்டரை நான்தான் பார்க்கிறேன்.
வெயில்ல வந்திருக்க, மோர் குடிச்சிட்டுப் போம்மா
என்பார் எப்போதும்.
தண்ணீர் எத்தனை லிட்டர் செலவாகும் என்றோ
எத்தனை பேர் இருப்பீர்கள் என்றோ
அன்று கேட்கவே இல்லை.

கடைசியில் கே.டி.சி. நகரில் கிடைத்தது.
வீட்டுக்காரம்மா பெல்சிட்டா டீச்சர்
கேட்டது அட்வான்ஸ் மட்டும்.
போர் தண்ணீர். குழாய் வாயெல்லாம் வெள்ளை உப்பு,
துவரம்பருப்பு வேக அரைமணி கூட ஆகிறது.

“அப்பொ டெட்ராவ மறந்துருங்க” என்றான் மசூது.
“மோலி போடுங்க. உப்புத் தண்ணின்னா அதுக்குக் கல்யாணச் சாப்பாடு.
ஆணு ஒண்ணு, பொண்ணு மூணு.
ஆம்பள கூடிச்சுன்னா பொம்பளைக்கு நிம்மதி இருக்காது.”
ஹெல்மெட்டுக்குள்ளேயே சிரித்தேன்.

கறுப்பு மோலி நாலு.
ஸ்கூட்டர் கொக்கியில் கவர் ஆடாமல் இருக்க
முருகன்குறிச்சியிலிருந்து இருபதில் வந்தேன்.

இப்போது கவர் தொட்டியில் மிதக்கிறது.
அரைமணி நேரம் அப்படியே கிடக்க வேண்டும்.
பிறகு டம்ளர் டம்ளராக
இந்தத் தண்ணீரை அந்தத் தண்ணீரில்.
வந்து பதினோரு நாள்தான் ஆகிறது ஏஞ்சலுக்கு.
அதற்குள் பம்பு மூலை அதனுடையதாகிவிட்டது.
கவரைச் சுற்றிச் சுற்றி வருகிறது,
பிளாஸ்டிக்கை மூக்கால் இடித்துப் பார்க்கிறது.

மசூது இன்னொன்றும் சொல்லியிருந்தான்:
“வுடுறதுக்கு முன்ன கல்லெல்லாம் இடம் மாத்திருங்க.
பழைய ஆளுக்கு இது எம் மூலைன்னு ஒரு இது இருக்கும்லா.
கலைச்சி வச்சா எல்லாரும் புதுசு.
லைட்ட அமத்திட்டுச் செய்யுங்க.”

அணைத்தேன்.
நைட்டியின் கையை முழங்கை வரை சுருட்டிக்கொண்டு
இருட்டில் ஒவ்வொரு கல்லாக
நகர்த்திக்கொண்டிருக்கிறேன்.