வல்லினம்

ஃபிஞ்ச் தெருக் கல்யாண மண்டபத்தில்
எனக்கு விட்ட மேசைகள் எப்போதும்
இடப்பக்க ஸ்பீக்கரை ஒட்டியவை.
பதினொரு வருடம். சனிக்கு இரண்டு கல்யாணம்,
ஞாயிறென்றால் ஒரு சாமத்திய வீடு.

காது பார்க்கிற பெண்
சின்னக் கண்ணாடி அறையில் இருத்தி
சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னாள்.
அழுத்திக்கொண்டே இருந்தேன்.
அவள் இன்னும் ஒன்றும் அனுப்பவில்லையாம்.
எனக்குள் இருந்ததை
அவளுடையதென்று நினைத்துவிட்டேன்.

அவள் தந்த தாளில் ஒரு கோடு
வலப்பக்கம் போகப்போகச் சரிந்தது.
வீட்டுக்கு வந்து அதைத் தமிழில் வாசித்தேன்:
உயிரெல்லாம் கேட்கும்.
மெய்தான் போகிறது,
அதிலும் முதலில் வல்லினம்.
காசு, காது, காடு, காற்று
எனக்கு எல்லாம் ஒரு ஆ, ஒரு உ.

பாரில் நிற்கும் மாரிவிக்
செம்மஞ்சள் பஞ்சு ஒரு சோடி தந்தாள்.
திரி திரிப்பதுபோல் உருட்டு.
மற்றக் கையைத் தலைக்குப் பின்னால் விட்டு
மடலை மேலே இழு.
செருகி, முப்பது எண்ணும்வரை பிடி.
"சனம் பார்த்தா என்ன நினைக்கும்,
தலைமயிரால மூடு பிள்ளை"
என்றார் முதலாளி நேசலிங்கம்.
மூடினேன்.

பாட்டு எங்கேயும் போகவில்லை.
பக்கத்து வளவுக்குக் குடிபோனது, அவ்வளவுதான்.
நான் எச்சில் விழுங்குவது எனக்கே கேட்டது.
எட்டாம் மேசைக்காரர் குனிந்து "சோடா" என்றார்.
சோடா என்றே வந்தது.

டிஜே ஆரூரனின் போனில் நூறு என்று ஓடியது.
அந்த அளவில் ஒரு நாளைக்குக்
கால் மணிதான் காதின் பங்கு என்பாள் மாரிவிக்.
சோறு போடவே இரண்டு மணி.
அவனைப் பார்த்து என் காதைத் தொட்டுக் காட்டினேன்.
கேட்கவில்லை என்கிறேனாக்கும் என்று
இன்னும் கூட்டிவிட்டான்.

மற்றச் சோடியை அவன் லேப்டாப் அருகில் வைத்தேன்.
எடுத்து முகர்ந்து பார்த்தான், பலகாரம்போல.

ராத்திரி ஒன்றரை. வயர் சுருட்டுகிறான்,
ஒரு காதில் மட்டும் செம்மஞ்சள்.
வெளியே கார் நிற்குமிடத்தில் என்னுடையதைக் கழற்றினேன்.
உள்ளே அந்த ஈ,
எழுத்தோ பூச்சியோ, இருக்கிறது.
அது இனிப் போகாதாம்.
சப்பாத்தின் கீழே பனி
ச் என்றது.
நின்று,
இன்னொருக்கால் மிதித்துப் பார்த்தேன்.