எட்டாம் பலகை

குதாயிசியில் காலை மணி எட்டு.
பள்ளிக்கூட ஜிம்மில், கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே
பத்துப் பலகை, பத்து கேபிள்,
என்னுடைய ஒற்றை மடிக்கணினி.

ஏழு பலகைகள் சொன்ன பேச்சுக் கேட்டன.
எட்டாவது முரண்டு பிடித்தது.
போர்ட் மூன்று என்றேன். இல்லை.
ஐந்து. ஒன்பது. வாயே திறக்கவில்லை.
டிரைவரை நீக்கி மறுபடி ஏற்றி
கேபிளைப் பிடுங்கி முனையை ஊதினேன்
(ஊதுவதால் ஒன்றும் ஆகாது,
ஊதாதவரை நான் பார்த்ததில்லை).
பதினொன்றில் சட்டென்று விழித்தது,
தலைகீழாக.
வெள்ளையின் வீடு கறுப்பின் வீடாயிற்று.
யானை நின்ற மூலையில் எதிரியின் யானை.
கனத்த பலகையைத் திருப்பவில்லை.
அமைப்பில் ஒரு கட்டத்தை டிக் செய்தேன்.
உலகம் நேரானது.

மக்வாலா வந்தாள், இரவுப் பணி முடித்து
ஆஸ்பத்திரியின் நீல பிளாஸ்டிக் உறை
ஒரு காலில் மட்டும் இன்னும் இருக்க.
"ஓடுதா, நெஸ்தான்?"
"ஓடுது."
"தாலிகோ பார்ப்பா. கிழவருக்கு
ஊசி போட்ட பிறகு ரெண்டு மணி நேரம் சும்மாதான் இருப்பா."
தாலிகோ இத்தாலியில், பாரி நகரத்தில்,
யாரோ ஒருவருடைய அப்பாவைக் குளிப்பாட்டுகிறாள்.
ஆறு வருஷம்.

என் திரையின் ஓரத்தில்
எட்டாம் பலகை, பார்வையாளர்: 1.

ஒவ்வொரு காயின் அடியிலும் ஒரு செப்புச் சுருள்.
எடுத்தால் பலகைக்குத் தெரியும்.
வைத்தால் தெரியும்.
தொடாமல், குதிரையின் பிடரிக்கு ஒரு விரற்கடை மேலே
பதினேழு நிமிடம் நின்ற கை தெரியாது.
எதிரே ஏத்தெரி மூக்கைச் சிந்தியதும்,
ரியோனி ஆற்றுக் காற்றில் ஜன்னல் அடித்துக்கொண்டதும்
பாரிக்குப் போகவில்லை.
போனது
வெள்ளை, நகர்வு இருபத்துமூன்று, குதிரை.

இடையில் சி-6 கட்டம் கண்ணை மூடியது.
நாற்பது விநாடி, ஒரு மந்திரி
மரத்தில் இருந்தான், திரையில் இல்லை.
கையால் தட்டெழுதி அவனை மீட்டேன்.
நாற்பது விநாடியும் அந்த ஒன்று
நகராமல் நின்றது.

முப்பத்தெட்டில் மக்வாலா கடிகாரத்தை நிறுத்தினாள்.
கை கொடுத்தாள். தோல்வி.
தூக்கம் அவள் கண்ணைவிடத் தோளில்தான் இருந்தது.
ராஜாக்களை நடுவில் வைக்க வேண்டும்,
முடிவைப் பலகை அப்படித்தான் புரிந்துகொள்ளும்.
அவள் வைக்கவில்லை.
ஏத்தெரிதான் குனிந்து கேட்டாள்:
"ஏன் விட்டே? யானையைக் கொடுத்திருந்தா?"

கொடுத்துக் காட்டினாள்.
ராஜா யானையைத் தின்றான்.
ராணி இறங்கினாள், செக்.
ராஜா ஓடினான் ஒரே ஒரு வழியில்.
அங்கே குதிரை, காத்திருந்ததுபோல.
மேட்.
இரண்டு பெண்களும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள்.
மக்வாலா தன் நெற்றியில் தானே அடித்துக்கொண்டாள்.

பலகைக்குத் தோல்வி தெரியாது.
எல்லாம் சட்டப்படியான நகர்வுகள்.
யானை, ராணி, குதிரை என்று
ஒன்றுவிடாமல் அனுப்பிவிட்டது.
நடக்காத வெற்றி
கடல் தாண்டிப் போய்ச் சேர்ந்துவிட்டது.

அழிப்பது என் வேலை.
மூன்று பொத்தான், நான்கு விநாடி.
நடுவர் ஒன்றாம் மேஜையில்
யாருடைய தொலைபேசியோ அலறியதை விசாரித்துக்கொண்டிருந்தார்.
ஆறிப்போன தேநீரைக் குடித்தேன்.
தேவையில்லாமல் மூன்றாம் பலகையின் கேபிளைச் சரிசெய்தேன்.
பார்வையாளர்: 1.
பார்வையாளர்: 1.
கிழவர் எழுந்திருப்பார், தண்ணீர் கேட்பார்.
பார்வையாளர்: 0.

பிறகு அழித்தேன்.
எழுந்து போய் எட்டாம் பலகையில்
இரண்டு ராஜாக்களையும் நடுவே
கறுப்புக் கட்டங்களில் வைத்தேன்,
டி-4, இ-5.
கறுப்பு வென்றது என்றது மென்பொருள்.
சாயங்காலம் முடிவுப் பட்டியலும் அதையே சொல்லும்,
தாலிகோவும் படிப்பாள்.
தெரியும்.

மேஜைக்கடியில் கிடந்தது நீல உறை.
எடுத்து
கேபிள் பெட்டிக்குள் போட்டேன்.