ஆறாவது

துறைமுக அலுவலகத்தில் எனக்கு அரைநாள் வேலை.
வார்டோவில் டிசம்பர் வந்தால்
இரண்டு அரைநாளும் இருட்டுதான்.

அறிவிப்புகள் குவிந்து கிடந்தன:
புயல் எச்சரிக்கை, நண்டு விலை,
யாரோ தொலைத்த இடக்கைக் கையுறை,
விற்பனைக்குப் படகுகள்.
பிரித்தடுக்க ஒரு பிளகின் நிறுவினேன்.
சுங்க அதிகாரி மாதிரி அது கேட்டது:
எந்த வகை? படகு.
எத்தனை? ஐந்து.
எந்த வரிசை? புதியது மேலே.
ஒன்றும் கிடைக்காவிட்டால் என்ன சொல்லட்டும்?
அந்தக் கட்டத்தை மட்டும்
காலியாக விட்டேன்.

மறுநாள் ஒட்வார் வந்தார்,
தொப்பியில் பனி, கையில் தொலைபேசி.
"என் தெர்னா எங்கே?"
எட்டு மீட்டர் மரப்படகு. மூன்று வருடமாக விற்பனைக்கு.
ஆறாவதாகப் போய்விட்டது, என்றேன்.
"ஐந்துக்கு அப்புறம் என்ன இருக்கிறது?"
ஒன்றும் இல்லை. அதாவது இருக்கிறது. தெரியாது.
அவர் ஜன்னல் வழியே கடலைப் பார்த்தார்.
நான் அமைப்புகளைப் பார்த்தேன்.
வரிசை: கடைசியாகத் திருத்தியது மேலே.

அன்றிலிருந்து திங்கள்தோறும்
விலையில் ஒரு குரோனர் குறைந்தது.
எண்பத்து நாலாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்று ஒன்பது.
அடுத்த வாரம், தொண்ணூற்று எட்டு.
தக்கை போல் தெர்னா மேலே வரும்.
வெள்ளிக்கிழமைக்குள் மற்றப் படகுகள்
அதன் தலையில் ஏறி உட்காரும்.
திங்கள், மறுபடி.
ஒரு மதியம் கணக்குப் போட்டுப் பார்த்தேன்:
அது இலவசமாக
இன்னும் ஆயிரத்து அறுநூறு வருடம் ஆகும்.

மார்ச்சில் த்ரோம்ஸோவிலிருந்து ஒரு பெண் அழைத்தாள்.
பணம் தயார், சனிக்கிழமை வருகிறேன் என்றாள்.
அவரிடம் சொன்னேன்.
மாலைக்குள் விலை முப்பதாயிரம் ஏறியிருந்தது.
நான் கேட்கவில்லை.
பார்த்தபோதெல்லாம் அவர் எஞ்சினைப் பற்றித்தான் பேசினார்.
அடுத்த திங்கள் அந்தப் புது விலையிலிருந்து
ஒன்று குறைந்தது.

இப்போது இரண்டு திங்களாகக் குறையவில்லை.
இடுப்பெலும்பு, கிர்கெனெஸ் மருத்துவமனை
என்கிறார்கள் டீசல் போடுமிடத்தில்.
தெர்னா மூன்று, நான்கு என்று இறங்கி
ஐந்தில் ஒருநாள் தொங்கிக்கொண்டிருந்து
இன்று காலை இல்லை.

பிறர் பதிவைத் தொடக்கூடாது என்பது
நானே எழுதி நானே சுவரில் ஒட்டிய விதி.
திறந்தேன்.
விலையைத் தொடவில்லை.
படத்தையும் தொடவில்லை, அதன் மூலையில்
மங்கலாக அவர் கட்டைவிரல்.
கடைசி வரி: நேரில் பார்த்தால்தான் தெரியும்.
அந்த முற்றுப்புள்ளிக்குப் பின்னால்
ஒரே ஒரு இடைவெளி தட்டினேன்,
எந்தக் கண்ணுக்கும் படாதது,
'புதுப்பி' என்பதை அழுத்தினேன்.

பிறகு நண்டு விலையை
ஏற்றப் போனேன்.