நாலாயிரம் ரூபாய்க்கு

பாடசாலை அபிவிருத்திச் சங்கம் எண்ணித் தந்த நாலாயிரத்தை
கைப்பையின் உள்ளறையில் வைத்து
பூண்டுலோயாவில் ஆறேகால் பஸ் பிடித்தேன்.
ஹட்டனில் மழை எனக்கு முன்பே வந்து
கடைவாசலில் நின்றுகொண்டிருந்தது.

நின்றபடி வாய்க்குள் வாசித்துப் பார்ப்பேன்,
எனக்கு அதுதான் தராசு.
கண்ணுக்கு நன்றாயிருந்த வரி
நாக்கில் கல்லாய் இடறும்.
"ஆகவே, அன்புக் குழந்தைகளே" என்று முடிகிற எதையும்
முடிவிலிருந்தே மூடிவிடுவேன்.
முதலாளி இரண்டு தரம் இருமினார்.
பிறகு, "டீச்சர், இது லைப்ரரி இல்லை."
"தெரியும். லைப்ரரிக்குத்தான் வாங்க வந்தேன்."

பல்வலி வந்த யானை, சரி.
ஓட்டை வாளிகள் பற்றி ஒன்று, சரி.
விமானத்தின் வயிற்றுக்குள் என்னென்ன இருக்கும் என்று காட்டுவது,
அது யுகேந்திரனுக்காக. வேறெதையும் அவன் தொடமாட்டான்.

தேயிலைத் தோட்டம் பற்றியும் ஒன்றிருந்தது, வழவழத்தாள்.
கொழுந்து பறிக்கிறவள் பல் தெரியச் சிரிக்கிறாள்.
இடுப்பில் படங்கு இல்லை.
கூடைக் கயிறு நெற்றியில் பூச்சரம்போல் கிடக்கிறது.
திலோஷனாவின் அம்மா பெற்றோர் கூட்டத்துக்குக் குளித்து வந்தாலும்
பொட்டுக்கு மேலே அந்தக் கோடு பள்ளமாகவே இருக்கும்.
படத்தைப் பார்த்தால் பிள்ளை ஒன்றும் சொல்லாது.
சொல்லாதே, அதற்காகத் திருப்பி வைத்தேன்.

அடியில் ஒரு மெல்லிய புத்தகம்.
ராத்திரியில் எழுந்து கடல் பார்க்கப் போகிற மலையின் கதை.
நாக்கு ஓரிடத்திலும் இடறவில்லை.
எடுத்தேன். வைத்தேன்.
போன கார்த்திகையில் மேல் லயத்தின் கடைசி மூன்று காம்பரா
மண்ணோடு போயின.
மற்றவர்கள் ஒன்பது வாரம்
எங்கள் வகுப்பில்தான் பாய் விரித்தார்கள்.
கரும்பலகையில் மா, பருப்பு, சீனிக் கணக்கு.
துடைத்த பிறகும் பருப்பு தெரியும், வெயில் சாய்வாக விழுந்தால்.

முதலாளி பில் புத்தகத்தைத் திறந்து வைத்துவிட்டார்.
நானூறு மிச்சம், புத்தகம் முந்நூற்றெண்பது.
துணிச்சல் என்று சொல்லமாட்டேன்.
வரிகள் நன்றாயிருந்தன, அவ்வளவுதான்.

திங்கள். தரம் மூன்று. வெளியே அடைமழை.
"முதல்ல அட்டையப் பாருங்க" என்றேன்.
இருபத்தாறு பேரும் காலைத் தூக்கிப் பெஞ்சில் வைத்தார்கள்.
இரண்டு பேர் விரலிடுக்கில் தேடவே தொடங்கிவிட்டார்கள்.
புத்தகத்தை ஆட்டிக் காட்டினேன், "இந்த அட்டை! இந்த அட்டை!"
சிரிப்பு ஓயப் பாதிப் பாடவேளை போனது.

பிறகு வாசித்தேன்.
"அன்றிரவு எல்லோரும் தூங்கிய பிறகு
மலை மெல்ல எழுந்தது..."
இங்கே பக்கத்தைத் திருப்பாமல் விரலில் பிடித்திருக்க வேண்டும்.
கடையிலேயே கணக்குப் பண்ணிய இடம்.
ருக்ஷிகரன் கேட்டான்:
"மலை போறப்ப லயத்து ஆளுங்களுக்குச் சொல்லிட்டா போனிச்சு?"

புரட்டினேன்.
இரண்டு பக்கமும் நீலமாய்க் கடல்.
"அதுல போடல" என்றேன்.
"போட்டிருக்கணும்."
"மலைக்கு வாய் இல்லியே" என்றாள் திலோஷனா.
"இந்த மலைக்கு இருக்கே. முன்னாடி பக்கத்துல பேசிச்சே."
அதற்கு யாரிடமும் பதில் இல்லை.
மணி அடித்தது. மழைச் சத்தத்தில் அது காதில் விழவில்லை.

செவ்வாய் காலை,
கடலுக்கு முந்திய பக்கத்தின் ஓரத்தில்
பென்சிலால், கீழே இறங்கிப் போகிற எழுத்தில்:
"நான் போரேன். எல்லாரும் வெளிய வாங்க.
நாயையும் அவுத்து விடுங்க."

பதிவேட்டில் 'நிலை' என்றொரு கட்டம் உண்டு.
கிறுக்கல், கிழிசல் இருந்தால் குறிக்க வேண்டும்.
வெள்ளிக்கிழமை அதிபர் பார்ப்பார்.
அழிறப்பர் மேசையில்தான் கிடந்தது.

தரம் நான்குக்கு வாசித்தபோது
அந்த இரண்டு வரியையும் சேர்த்தே வாசித்தேன்,
அச்சில் இருப்பதுபோல, குரல் மாற்றாமல்.
பின்வரிசையில் ஒரு பிள்ளை கையைத் தூக்கியது:
"டீச்சர், நாயோட பேரு என்னா?"

கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.