எந்தப் பக்கத்து ரத்தம்

கிளாக்ஸ்விக் மீன் ஆலையில்
ஏழாவது மேசை என்னுடையது.
கழிப்பறைக்கு நாற்பத்தோரு காலடி.
நடந்து எண்ணியிருக்கிறேன், ஓடி எண்ணியிருக்கிறேன்,
ஒருமுறை
எண்ணி முடிக்க வாய்க்கவில்லை.

சால்மன் வயிற்றை ஒரே கீறலில் திறப்பேன்.
குடல் வழுக்கிக்கொண்டு வரும்,
முடிச்சில்லாத வெள்ளிச் சரடு.
மீனைப் பார்த்துப் பொறாமைப்பட்டவள்
இந்தத் தீவுகளில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.
என் குடலைப் படம் எடுத்தவர்
திரையைத் திருப்பினார்:
"கூழாங்கல் பாவிய தெருபோல."
ஆமாம், துறைமுகத்துக்கு இறங்கும் பழைய தெருவேதான்.
அதில் யாரோ
பின்னிரவில் இரும்புச் சக்கர வண்டி ஓட்டுகிறார்கள்.

அந்த மருத்துவர் மாதம் ஒருமுறை
கோப்பன்ஹேகனிலிருந்து பறந்து வருபவர்.
மூடுபனி இறங்கினால் விமானம் திரும்பிவிடும்.
அவருக்கும் என்னைப் போலத்தான்,
நாள் தள்ளிப் போகும்.

எனக்கு மூன்று மாதம் தள்ளிப்போனது.
அப்புறம் ஒரே மாதத்தில் இரண்டு தடவை.
சோதனைக் குச்சி வாங்கப் போனேன்.
மருந்துக்கடையில் நிற்பவள் தூரி, என்னோடு படித்தவள்.
"வாழ்த்தலாமா?" என்றது அவள் புருவம்.
ஒற்றைக் கோடு.
நான்காவது குச்சிக்கு
புருவம் அசையவில்லை,
பையில் ஒரு சாக்லேட்டைப் போட்டு மடித்தாள்.

விலக்கு என்று பேர்.
எதிலிருந்து விலக்கு?
வருவதற்கு நான்கு நாள் முன்பே
குடலுக்குத் தெரிந்துவிடும்.
ஒன்பது முறை, பத்து முறை,
பாதி இரவைக் குளியலறை ஓடுகளோடு கழிப்பேன்.
மற்றப் பெண்கள் வலிக்கு விழுங்கும் மாத்திரை
எனக்கு ஆகாது, குடலுக்குப் பகையாம்.
வெந்நீர்ப் பை போதும் என்றார்கள்.
ரத்தத்தில் இரும்பில்லை என்றும் சொன்னார்கள்.
நாள் முழுக்கக் கையில் பிடித்திருப்பது
என்னவாம்?

கிண்ணத்தில் சிவப்பு.
எந்தப் பக்கத்து ரத்தம்?
குனிந்து பார்க்கிறேன்,
ஒப்பந்தத்தின் பொடி எழுத்தைப் படிப்பவள்போல.
குடல் மருத்துவர், "அது மாதாந்திரம்" என்கிறார்.
கர்ப்பப்பை மருத்துவர், "அது குடல்" என்கிறார்.
இரண்டு அறைக்கும் நடுவே
ஒரே நடைபாதை, ஒரு காபி எந்திரம்.
இருவரும் அங்கே நின்று
காற்று எந்தத் திசை என்று பேசிக்கொள்வார்கள்.

என்னிடம் இரண்டு தாள்கள் இருந்தன.
இரண்டுக்குப் போனதற்குப் பழுப்புப் புள்ளி,
மாதத்துக்குச் சிவப்புப் பெருக்கல்.
ஒன்று இவருக்கு, மற்றது அவருக்கு.
பிப்ரவரியில் ஒரு ஞாயிறு,
புயலில் படகுகள் கட்டிக் கிடந்த பகல்,
ஏன் என்று தெரியாது,
ஒன்றின்மேல் ஒன்றை வைத்து
ஜன்னல் கண்ணாடியில் அழுத்தினேன்.
பின்னால் பனியின் வெள்ளை.
சிவப்பு இருந்த இடத்துக்குச் சற்று முன்
பழுப்பு, கொசுக்கூட்டம்போல்.
குடல் புண்ணான மாதங்களில்
சிவப்பே இல்லை, வெற்றுக் கட்டங்கள்.
அதன்பின் அடைமழை.

ஒரே உடம்பு.
இதைக் கண்டுபிடிக்க
எனக்கு இருபத்தாறு வயதாக வேண்டியிருந்தது.

மார்ச்சில் விமானம் இறங்கியது.
தாள்களை அவருடைய ஜன்னலிலும் ஒட்டினேன்.
வெகுநேரம் பார்த்தார்.
எழுந்து நடைபாதைக்குப் போனார்.
காபி எந்திரம் உறுமும் சத்தம்,
பிறகு இருவரின் காலடிகள், என் பக்கமாக.
அன்று காற்றைப் பற்றி
யாரும் பேசவில்லை.

குணமாகிவிட்டதா என்று கேட்காதீர்கள்.
ஊசி மாற்றினார்கள். இரும்பு ஏற்றினார்கள்.
மே மாதம் வந்தது,
ஜூனில் வரவில்லை.

ஆனால் மேற்பார்வையாளர் ரேகினிடம்
மேசை மாற்றிக் கேட்டேன்.
காரணம் கேட்டார்.
இரண்டு ரத்தத்தையும் பெயர் சொல்லிச் சொன்னேன்,
பட்டை ஓடும் இரைச்சலுக்கு மேலே, உரக்க.
எட்டாவது மேசைக்காரி கத்தியை நிறுத்தினாள்.
ரேகின் தன் பூட்ஸைப் பார்த்தார்,
பலகையைப் பார்த்தார்,
என் பெயரை அழித்தார்.

இரண்டாவது மேசை.
பதினோரு காலடி.