நாற்பத்திரண்டாவது முறை

சின்னப்பாலத்துப் பாறையிடுக்கில்
தண்ணீர் வற்றிக் கிடக்கும் நேரம்
ஒரு பேய்க்கணவாயைப் பார்த்துக்கொண்டிருப்பது வேலை.
முதல் நாளே வலையில் அள்ளி எடை பார்த்துவிட்டேன்:
அறுநூற்று நாற்பது கிராம்.

முப்பது விநாடிக்கு ஒருமுறை
கைக்கடிகாரம் கீச்சென்னும்.
அந்த நொடியில் அது என்ன செய்கிறதோ
அதை மட்டும் எழுத வேண்டும்.

அட்டையில் பத்துச் சொற்கள் கொடுத்தேன்.
நகர்ந்தது, நின்றது, கை நீட்டியது,
நிறம் மாறியது, மறைந்தது, இப்படி.
கோபம், பயம், சந்தேகம் கூடாது,
அதெல்லாம் நம் சரக்கு என்றேன்.
"பார்த்துச்சுன்னு எழுதலாமா?" என்றாள் பூமயில்.
எங்கே பார்க்கிறது என்று
நமக்கு எப்படித் தெரியும் என்றேன்.
பாசி பறிக்கத் துணி சுற்றிய விரல்களால்
பென்சிலைப் பிடித்துக்கொண்டாள்.
நாள் கூலி நானூற்றைம்பது.

முதல் வாரம் சேர்ந்தே உட்கார்ந்தோம்.
நூற்றுக்குத் தொண்ணூற்று மூன்று ஒத்துப்போனது.
பெருமைதான். யோசித்தால்
இருவரும் அதிகம் எழுதியது ஒரே சொல்லை.

பிறகு ஒருநாள் நான், ஒருநாள் அவள்.
மாதக் கடைசியில் கூட்டிப் பார்க்கிறேன்:
மறைந்தது,
என் தாள்களில் நாற்பத்தொன்று,
அவள் தாள்களில் மூன்று.
அவள் தாள்களில் அது
நண்டைத் தின்று ஓட்டை வெளியே தள்ளுகிறது,
சிப்பியைப் புரட்டிப் புரட்டிப் பார்க்கிறது,
வெயிலில் ஒரு கையை மட்டும் நீட்டிக் கிடக்கிறது.

"வீட்டில உக்காந்து எழுதுனியா?"
கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

மறுநாள் விடியலில்
புடவைக்கு மேல் போடும் ஆண்சட்டையைக்
கழற்றி என்னிடம் நீட்டினாள்.
உப்பும் பாசியும் நாறும் சட்டை.
மாட்டிக்கொண்டு
அவள் உட்காரும் கல்லிலேயே உட்கார்ந்தேன்.
கச்சான் காற்று காதுக்குள் புகுந்தது.
கடிகாரம் கீச்.
இடுக்கிலிருந்து ஒரு கை.
இன்னொன்று.
கல்லுக்கு மேல் கண் எழும்பியது,
சட்டையில் நிற்கவில்லை,
முகத்துக்கு வந்தது.
உடம்பெல்லாம் வெளுத்து, குளம் கலங்கி,
ஒன்றுமில்லை.

மறைந்தது என்று எழுதினேன்.
நாற்பத்திரண்டு.

பின்னால், முழங்கால் தண்ணீரில் நின்றபடி
பூமயில் சொன்னாள்:
"நீங்க ஒரு தடவதான் எடை போட்டீங்க.
அது தெனம் போடுது."

அட்டையில் இப்போது பதினோராவது சொல் இருக்கிறது.
அவள் கையெழுத்து. 'பா'வின் துணைக்கால்
ஈரத்தில் சற்றுக் கரைந்திருக்கிறது.
என் முறை வரும் நாட்களில்
அதை எழுதுவதற்கு
எனக்கு இன்னும் வாய்க்கவில்லை.